வானத்துக்கு வாசல் ஆறுதானா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல்லும் தென்னையும் மாவும் செழித்து நிற்கும் ஊர் தேவதானம். பெயரிலேயே வரலாறு இருக்கிறது. முடியுடை மன்னர்கள் அந்நாளில் கோயிலுக்கு எழுதிவைத்த இறையிலி நிலத்துக்குத் தேவதானம் என்று பெயர். வேதியருக்கு எழுதிவைத்த நிலத்துக்குப் பிரமதேயம் என்று பெயர். உழுதவனுக்கு எழுதிவைத்த நிலத்துக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள், தோழர்களே! அப்படி ஒரு தானம் நடந்திருந்தால் அல்லவா அதற்கு ஒரு பெயர் இருக்கும்!

மன்னராட்சி மறைந்தது. தானம் செய்யும் வழக்கம் மட்டும் மறையவில்லை. அன்று நிலத்தைத் தானம் செய்தார்கள்; இன்று வானத்தைத் தானம் செய்கிறார்கள்.

வானத்தையா என்று வியப்படைய வேண்டாம். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டில்லி சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்தது. அயல்நாட்டுச் சரக்கு விமானக் கம்பெனிகள், சரக்கு ஏற்ற இறக்க, வாடகை விமானங்களை இந்தியாவுக்குள் கொண்டு வரலாம். ஆனால் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஐதராபாத் என்ற ஆறு நிலையங்களில் மட்டுமே அவை இறங்கலாம் என்பது அந்த ஆணை. வானம் பரந்தது, எல்லையற்றது என்று புலவர்கள் பாடினார்கள். இல்லை, அதற்கு ஆறே வாசல் என்று அதிகாரிகள் எழுதினார்கள். புலவர் பாட்டுக்கு முத்திரை கிடையாது. அதிகாரி எழுத்துக்கு முத்திரை உண்டு. ஆகவே அதிகாரி எழுதியதே சட்டமாயிற்று.

இது ஏதோ விமானக் கம்பெனிக்காரர்கள் விவகாரம், ஆலைத் தொழிலாளிக்கும் மாந்தோப்புக்காரருக்கும் இதில் என்ன வேலை என்று நினைத்து ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். வேலை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பஸ்ஸும் வாடகை லாரியும்

குறித்த நேரத்தில், குறித்த தடத்தில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புறப்படுவது பஸ். நமக்குச் சுமை இருக்கும்போது, நாம் சொல்லும் இடத்துக்கு, பேசிய வாடகைக்கு வருவது லாரி. விமானத்திலும் இதே இரண்டு வகை உண்டு. கால அட்டவணைப்படி பறப்பது ஒரு வகை. தேவை எழும்போது வாடகைக்கு அமர்த்திப் பறப்பது இன்னொரு வகை. நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

பயணிகள் விமானத்தின் அடிவயிற்றிலும் சரக்கு போகும். பெட்டி படுக்கைக்குப் போக மீதி இடத்தில் சில டன் ஏற்றலாம், அவ்வளவுதான். சரக்குக்கென்றே செய்த நடுத்தர ஜெட் விமானம் சுமார் 20 டன் சுமக்கும். பெரிய 747 வகை 100 டன்னுக்கு மேல் சுமக்கும். உலக வாணிபத்தில் எடைக் கணக்குப் பார்த்தால் விமானத்தில் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மதிப்புக் கணக்குப் பார்த்தாலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! சுருக்கமாகச் சொன்னால், அவசரமானதும் அழுகக்கூடியதும் விலை உயர்ந்ததும் வானத்தில் போகின்றன. மற்றவை கப்பலில் போகின்றன.

இப்படி நாடு விட்டு நாடு பறக்க யாரிடம் அனுமதி கேட்பது? 1944-ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, சிகாகோ நகரில் கூடி உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. தன் மண்ணின் மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே முழு உரிமை என்பது அதன் முதல் விதி. கால அட்டவணைப்படி பறக்கும் விமானம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்பது ஆறாம் விதி. அட்டவணையில்லாத விமானத்துக்கு ஐந்தாம் விதி கொஞ்சம் தாராளம் காட்டியது. ஆனாலும் சரக்கை ஏற்றவும் இறக்கவும் நிபந்தனை போடும் உரிமையை இறங்கும் நாட்டுக்கே விட்டுவைத்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சரக்கு ஏற்றும் வேலையை அயல்நாட்டானுக்கு மறுக்கலாம் என்று ஏழாம் விதி சொல்லிற்று.

ஆகவே, அனுமதி கேட்கக் கூடாது என்பதல்ல நம் வாதம். வீட்டுக்குக் கதவு வேண்டும்; கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். நாம் கேட்பது வேறு. எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவை அடைப்பது என்று தீர்மானிக்கிறபோது அந்த வீட்டில் குடியிருப்பவனை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் நம் கேள்வி.

முப்பதாண்டு திறந்திருந்த கதவு

கதவு எப்போதும் இப்படி அடைபட்டுக் கிடக்கவில்லை. 1990-ஆம் ஆண்டு மத்திய சர்க்காரே சரக்கு விமானங்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டது. பிறகு அதை நிலையான கொள்கையாகவும் ஆக்கிற்று. அந்தக் கொள்கையில் ஒரு நல்ல வாசகம் இருந்தது. அயல்நாட்டு விமானக் கம்பெனி மட்டுமல்ல, ஏற்றுமதியாளர் சங்கமே கூட விமானத்தை வாடகைக்கு அமர்த்திக் கொண்டுவந்து தன் சரக்கை ஏற்றிச் செல்லலாம் என்பதே அது. ஆதாவது, கம்பெனியின் தயவுக்குக் காத்திராமல், சிறு உற்பத்தியாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து வானத்தில் ஒரு வாடகை லாரி பிடிக்கலாம்! எண்ணத்துக்கு இனிமையான ஏற்பாடு, எழுத்திலாவது இருந்தது.

முப்பது ஆண்டு கழிந்தது. கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 முதல் அட்டவணைப்படி பறக்கும் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2022 மார்ச் 27-இல்தான் முழுமையாகத் திரும்பின. பயணிகள் விமானம் நின்றது என்றால் அதன் அடிவயிற்றில் போன சரக்குக்கும் வழி நின்றது என்று பொருள். உலகமெங்கும் சரக்குக் கூலி எகிறியது. சரக்கு விமானம் ஒன்றே கதி என்றிருந்த வேளை அது. அந்த வேளை பார்த்துத்தான், ஆறு வாசல் தவிர மற்ற வாசல்களை வாடகைச் சரக்கு விமானத்துக்கு அடைத்தார்கள்! வெள்ளம் வரும்போது படகுத்துறையைப் பூட்டிய புத்திசாலித்தனத்தை என்னென்பது!

தமிழ்நாட்டுக்குத்தான் சென்னை கொடுத்திருக்கிறோமே என்பார்கள். சென்னைக்குக் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தலை நனைந்தால் கால் குளிர்ந்துவிடுமா? தேவதானத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் நூறு கிலோமீட்டர். மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம் ஏறத்தாழ நூற்றைம்பது. சென்னையோ ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நூறு கிலோமீட்டரில் ஓர் ஓடுபாதை இருக்க, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடு என்கிறது ஆணை. மதுரையில் சுங்கம் உண்டு. 2012 முதல் அங்கிருந்து கொழும்புக்குப் பயணிகள் விமானம் பறந்திருக்கிறது. மனிதர் கடல் கடந்து போகலாம். அவர் தோட்டத்துப் பழத்துக்கு வாடகை விமானம் வந்து இறங்கக் கூடாது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நம் ஊரார் சும்மாவா சொன்னார்கள்?

சுதேசி என்ற சொல்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைப்போம். எதிரியின் வாதத்தை மறைத்துவிட்டு வெல்வது வெற்றியல்ல.

அவர்கள் சொல்வது இது: "அயல்நாட்டுச் சரக்கு விமானங்கள் தாராளமாக வந்து போயின. இந்தியக் கம்பெனிகள் எழவே முடியவில்லை. அயல்நாடுகள் நம் விமானத்துக்கு அதே தாராளத்தைக் காட்டுவதில்லை. ஆகவே சமநிலை வேண்டும்." சான்றாகக் கணக்கும் காட்டினார்கள். 2018-இல் 7 ஆக இருந்த இந்தியச் சரக்கு விமானங்கள் 2021-இல் 28 ஆயின; சர்வதேசச் சரக்கில் இந்தியக் கம்பெனிகளின் பங்கு நூற்றுக்கு 2-லிருந்து 19 ஆயிற்று என்றார்கள்.

இந்த வாதத்தைக் கேட்டு ஏளனம் செய்பவர்கள் நாமல்ல. உள்நாட்டான் எழ வேண்டும் என்பதில் நமக்குத் தடையில்லை. அயல்நாட்டு முதலாளி ஏழைப் பங்காளன் என்று நாம் என்றைக்கும் நம்பியதில்லை. அதுமட்டுமா? அந்நியக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துக் கப்பல் விட்டவர் யார்? நம் தூத்துக்குடியில் வாழ்ந்த வ.உ.சிதம்பரம் அல்லவா! 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய்ப் பங்காக ஊரெல்லாம் விற்றுப் பணம் திரட்டினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓட்டினார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்தது. 1908-இல் அவரைச் சிறையில் அடைத்தது சர்க்கார். செக்கிழுத்த அந்தச் செம்மலின் மண்ணில் பிறந்தவர்களுக்குச் சுதேசிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தச் சுதேசியையும் இந்தச் சுதேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். அவருடைய சுதேசி, மூலையில் கிடந்த துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுவந்தது. இவர்களுடைய சுதேசி, மூலையில் கிடக்கும் ஊரிலிருந்து விமானத்தை விரட்டியது. அவருடைய கம்பெனியில் 25 ரூபாய் வைத்திருந்தவனும் பங்குதாரன். இவர்கள் காக்கும் கம்பெனிகளில் நம் பங்கு என்ன?

நாட்டுக்கே சொந்தமாக ஒரு விமானக் கம்பெனி இருந்தது. 1953-இல் சட்டம் இயற்றிப் பொதுவுடைமையாக்கிய ஏர் இந்தியா அது. 2022 ஜனவரியில் அதை டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு, அண்டை வீட்டு மதிலை உயர்த்திக் கட்டி, இதோ சுதேசி என்கிறார்கள்! இந்தியச் சரக்கு விமானம் என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர் புளூ டார்ட். சென்னையைத் தளமாகக் கொண்டு நம் பிள்ளைகள் பலர் பணியாற்றும் நிறுவனம். அதைக் குறை சொல்வதல்ல நம் நோக்கம். ஆனால் அதன் தாய்க் கம்பெனியின் நூற்றுக்கு 75 பங்கு யாரிடம்? ஜெர்மனியின் டி.எச்.எல். குழுமத்திடம். விமானத்தின் வாலில் அயல்நாட்டுக் கொடி இருந்தால் மதுரைக்கு வராதே. கல்லாப்பெட்டியில் அயல்நாட்டுப் பணம் இருந்தால் பரவாயில்லை என்பதுதான் இந்தச் சமநிலையின் இலட்சணம்.

ஆறு வாசல் என்றோமே, அந்த வாசல்களின் சொந்தக்காரர்களையும் பார்ப்போம். டில்லி, ஐதராபாத் நிலையங்கள் ஜி.எம்.ஆர். குழுமத்தின் கையில். மும்பை 2021 முதல் அதானி குழுமத்தின் கையில். பெங்களூரும் தனியார் நடத்துவது. சென்னையும் கொல்கத்தாவும் மட்டுமே பொதுத்துறையான விமான நிலைய ஆணையத்தின் கையில். ஆறில் நான்கு தனியாருக்கு! வாடகைச் சரக்கு விமானம் இறங்கினால் இறங்கு கட்டணம், நிறுத்துக் கட்டணம், கிடங்கு வாடகை. தனியார் வாசலுக்குச் சட்டத்தாலேயே வாடிக்கை சேர்த்துக் கொடுத்தார்கள். பொதுத்துறை நடத்தும் மதுரைக்கும் அது போன்ற பிற நிலையங்களுக்கும் வரவிருந்த வாடிக்கையைச் சட்டத்தாலேயே தடுத்தார்கள். தானம் என்று சொன்னது தவறா, தோழர்களே?

19 விழுக்காட்டுக் கணக்கையும் உரசிப் பார்க்க வேண்டும். பயணிகள் விமானம் நின்றுபோன கொள்ளை நோய்க் காலத்து எண் அது. இருக்கைகளின் மீதே சரக்கு மூட்டைகளைக் கட்டிப் பறந்த காலம். அந்த வளர்ச்சியில் ஆணைக்கு எவ்வளவு பங்கு, நோய்க்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டட்டும். இன்னொன்றும் காட்டட்டும்: பாதுகாப்புப் பெற்று வளர்ந்த இந்திய விமானங்கள், அயலான் வரக் கூடாது என்று அடைத்த மதுரைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் எத்தனை தடவை வந்து, எத்தனை டன் ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிச் சென்றன? ஊர்வாரியாக அந்தப் பட்டியலை வெளியிடட்டும். நீயும் வரமாட்டாய், வருகிறவனையும் விடமாட்டாய் என்றால் அது வைக்கோற்போர்க் கதையல்லவா?

தறிக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தோழர் கேட்கக்கூடும்: "நான் நெய்யும் துணி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலில் போகிறது. விமானம் எங்கே இறங்கினால் எனக்கென்ன?"

நியாயமான கேள்வி. ராஜபாளையம் வட்டாரத்தின் நூலும் மருத்துவத் துணியும் பெரும்பாலும் கப்பல் சரக்குகள்தான். நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். விமானம் வந்துவிட்டால் ராஜபாளையம் லண்டனாகிவிடும் என்று நாம் கதை அளக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எங்கோ ஒரு நாட்டில் நிலநடுக்கம், போர், கொள்ளை நோய். பேண்டேஜ் துணி பத்து நாளில் வேண்டும் என்கிறான் வாங்குகிறவன். கப்பலில் அது முடியாது. பக்கத்தில் விமானம் பிடிக்க முடிந்தவன் அந்த ஆர்டரை எடுப்பான், முடியாதவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவசர ஆர்டரில்தான் நல்ல விலை. அந்த விலையில்தான் கூலி உயர்வு கேட்கவே இடம் இருக்கிறது.

மாவுக்கும் மல்லிக்கும் நிலைமை இன்னும் கடினம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் கொடுத்தார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மொட்டாகப் பறித்த மல்லி, மலர்ந்து வாடுவதற்குள் சிங்கப்பூர் சேர வேண்டும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் பூ வாடாமல் இருக்குமா? மரத்தில் பழுத்த மாம்பழம் லாரியில் ஐந்நூறு கிலோமீட்டர் குலுங்கிப் போனால் எத்தனை அடிபடும், எத்தனை கழிபடும் என்பதைத் தோப்பில் குத்தகை எடுத்தவரைக் கேட்டால் சொல்வார். அந்தக் கழிவும், லாரி வாடகையும், சென்னையில் காத்துக்கிடக்கும் செலவும் யார் தலையில் விழும்? அயல்நாட்டில் வாங்குகிறவன் தலையில் விழாது. அவன் விலையைக் கூட்டமாட்டான். ஏற்றுமதியாளர் தலையிலும் தங்காது; அவர் கொள்முதல் விலையைக் குறைப்பார். உருண்டு உருண்டு அது கடைசியில் வந்து நிற்கும் இடம், பழம் பறிக்கும் கூலியாளின் மடி. ஆகாயத்தில் போட்ட வரம்பு பூமியில் யாருடைய அடுப்பை அணைக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

இன்னொரு பக்கமும் உண்டு. சரக்கு விமானம் இறங்கும் ஊரில் லோடுமேனுக்கு வேலை. லாரி டிரைவருக்கு வேலை. குளிர்சாதனக் கிடங்குக்கு ஆள். சுங்கப் பத்திரம் எழுதும் ஏஜென்டிடம் எழுத்தர் வேலை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வெளியூருக்கு வண்டி ஏறும் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலராவது வீட்டுச் சோறு சாப்பிட்டு வேலை பார்க்கலாம்.

ஒரு கையால் கொடுத்து

2020 பிப்ரவரி பட்ஜெட்டில், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 'கிரிஷி உடான்' என்றொரு திட்டத்தை அறிவித்தார். உழவர் விளைபொருளை விமானத்தில் ஏற்றும் திட்டமாம். பெயர் புரியாவிட்டாலும் பொருள் நல்லது என்று கொள்வோம். 2021 அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. தேர்ந்தெடுத்த நிலையங்களில் இந்தியச் சரக்கு விமானங்களுக்கு இறங்கு கட்டணச் சலுகை என்றார்கள். பிப்ரவரியில் உழவனுக்குச் சிறகு என்றவர்கள், அதே ஆண்டு டிசம்பரில் ஆறு ஊர் தவிர வேறெங்கும் வாடகை விமானம் இறங்காதே என்றார்கள். சிறகைக் கொடுத்துவிட்டுக் கிளையை வெட்டினால் பறவை எங்கே உட்காரும்?

அயல்நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவும் தன் உள்நாட்டுச் சரக்கை அயல்நாட்டு விமானத்துக்கு விட்டுக்கொடுக்காத நாடுதான். ஆனால் அதன் ஒரு கோடியில், பனி மூடிக் கிடக்கும் அலாஸ்கா மாநிலத்துக்கென்று 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி விலக்குக் கொடுத்தார்கள். அயல்நாட்டுச் சரக்கு விமானங்கள் அங்கே இறங்கி, சர்வதேசச் சரக்கை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளத் தாராள வழி செய்தார்கள். ஏன்? தொலைவில் இருக்கிற மாநிலம், ஆகவே கூடுதல் சலுகை வேண்டும் என்பதற்காக. இன்று அங்குள்ள ஆங்கரேஜ் நிலையம் உலகின் பெரிய சரக்கு நிலையங்களில் ஒன்று. அங்கே தொலைவில் இருப்பவனுக்கு விலக்கு. இங்கே தொலைவில் இருப்பவனுக்குப் பூட்டு. இதுதான் கூட்டாட்சி என்ற சொல்லை அவர்கள் புரிந்துகொண்டதற்கும் இவர்கள் புரிந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாடு.

நிலம் நம்முடையது, வானம் யாருடையது?

அடிப்படைக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 29-ஆவது இனமாக விமானமும் விமானத் தளமும் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு வாணிபம் 41-ஆவது இனம். இரண்டும் டில்லிக்கு. ஆனால் விமானம் வானத்திலேயே நின்றுகொண்டிருக்க முடியாதே! அது இறங்க நிலம் வேண்டும். நிலம் எடுத்துக் கொடுப்பது மாநிலம். சாலை, குடிநீர், மின்சாரம், காவல், எல்லாம் மாநிலம். மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 2300 மீட்டர். அதை நீட்ட நிலம் எடுக்கும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. 2024-இல் சின்ன உடைப்பு ஊரார், எங்கள் வீடும் மண்ணும் போகிறதே என்று போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய மனக்குமுறலை மதிக்க வேண்டும். மாற்று மனையும் உரிய இழப்பீடும் குறைவின்றிக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை நாம் கேட்கிறோம்: எங்கள் மண்ணில் போடும் ஓடுபாதையில் எந்த விமானம் இறங்கலாம் என்று சொல்ல எங்களுக்கு வாயே கிடையாதா?

வீடு கொடுப்பவன் உடைப்புக்காரன். வரி கொடுப்பவன் ராஜபாளையத்தான். அனுமதி கொடுப்பவன் மட்டும் டில்லிக்காரன்! 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்தபோதும், 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தபோதும், தமிழ்நாடு கேட்டது இதுபோன்ற கேள்விகளைத்தான். மாநில சுயாட்சி என்றால் மேடைக்கு மட்டும் உரிய சொல் என்று சிலர் எண்ணுகிறார்கள். இல்லை. அது மல்லிகை மூட்டையின் கூலிக் கணக்கு. தறிக்காரனின் ஆர்டர் புத்தகம்.

டில்லியின் மனப்போக்குக்கு இன்னொரு சான்று வேண்டுமா? வானத்தை ஆண்டுவந்த 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை மாற்றி, 2024-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் 'பாரதிய வாயுயான் அதிநியம்'. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் பெயராவது உலகம் முழுவதற்கும் புரிந்தது. இந்தப் பெயரை உச்சரிக்கவே நம் பிள்ளைகள் டியூஷன் போக வேண்டும். மாற்ற வேண்டியது சட்டத்தின் பெயரையல்ல. மையத்தில் குவிந்த அதிகாரத்தை. பெயரை மாற்றினார்கள், அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பு என்பார்கள். அயல்நாட்டு விமானம் கண்ட இடத்தில் இறங்கினால் ஆபத்து என்பார்கள். கண்ட இடத்தில் இறக்கச் சொல்லவில்லை. சுங்க அதிகாரியும் பாதுகாப்புப் படையும் காவல் காக்கும் நிலையத்தில்தான் இறக்கச் சொல்கிறோம். பயணியை ஏற்றி வரும் அயல்நாட்டு விமானத்தால் வராத ஆபத்து, மாம்பழம் ஏற்ற வரும் விமானத்தால் வந்துவிடுமா? மதுரை ஓடுபாதை சிறிது என்பார்கள். பெரிய ஜம்போவுக்குச் சிறிதுதான்; 20 டன் விமானத்துக்குப் போதும். தூத்துக்குடியிலோ 1350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3000 மீட்டராக நீண்டிருக்கிறது. 2025 ஜூலை 26-இல் பிரதமரே வந்து புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். பாதையை நீட்டியது விழா எடுக்க மட்டுந்தானா?

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். அயலானுக்கு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. உள்நாட்டில் ஊருக்கு ஊர் சரக்கு ஏற்றும் வேலை இந்தியக் கம்பெனிக்கே இருக்கட்டும். அனுமதி பெற்றே வரட்டும். நம் விமானத்தை மறுக்கும் நாட்டின் விமானத்தை நாமும் மறுப்போம். ஆனால்—

ஒன்று: ஆறு ஊர் என்ற அளவுகோலை எடுத்தெறிந்து, சுங்கமும் பாதுகாப்பும் உள்ள நிலையம் எதுவோ அதுவே தகுதி என்று விதி செய்ய வேண்டும்.

இரண்டு: ஏற்றுமதியாளர் சங்கமும் கூட்டுறவும் வாடகை விமானம் அமர்த்தலாம் என்ற 1990-ஆம் ஆண்டு வழியை, மதுரைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் உயிரோடு வைக்க வேண்டும், தூத்துக்குடியில் சுங்க ஏற்பாடு செய்து அதையும் சேர்க்க வேண்டும்.

மூன்று: இப்படிப்பட்ட ஆணை பிறப்பிக்குமுன் மாநில சர்க்காரைக் கலந்துகொள்ள வேண்டும், நிலம் கொடுக்கிறவனுக்கு நிபந்தனையில் ஒரு குரல் வேண்டும்.

நான்கு, இது நம் மாநில ஆட்சிக்கு: டில்லி ஆறு வாசல் என்றது போலச் சென்னை ஒரே வாசல் என்று இருந்துவிடக் கூடாது. குளிர்சாதனக் கிடங்கும், பழம் தரம் பிரிக்கும் கூடமும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு வர வேண்டும். விமானம் வந்து நிற்கும்போது ஏற்றுவதற்குப் பதமான சரக்கு இல்லையென்றால், அப்போது டில்லியைப் பழிக்க முடியாது.

கழகத் தோழர்கள் இதைத் தெருமுனைக் கூட்டத்தில் பேச வேண்டும். ஆலை வாயிலில் பேச வேண்டும். விமானத்தில் ஏறாத நமக்கு விமானக் கொள்கை எதற்கு என்று கேட்பவரிடம், கப்பலில் ஏறாத நெசவாளிதான் கப்பல் வாணிபத்தால் வாழ்ந்தான், அதனாலேயே வீழ்ந்தான் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் அதை அவையில் கேள்வியாக எழுப்பட்டும். ஊர்வாரிக் கணக்கு வெளிவந்தால் போதும். பாதி வழக்கு வென்றாயிற்று.

தானம் வாங்கிப் பழகியவர்கள் சிலர். தானம் கேட்டு நிற்பவர்களல்ல நாம். உழைத்த சரக்குக்கு உரிய வழி கேட்கிறோம். வானம் எல்லோருக்கும் பொது என்றால், வாசலும் எல்லோருக்கும் பொதுவாகட்டும்!